இரண்டு கோப்பை என்பது மூன்று

அமெரிக்கர்களின் கிறிஸ்துமஸ் விருந்துகளில் மார்ட்டினிக்குத் தனி மதிப்புண்டு. 60 மில்லிலிட்டர் ஜின், 10 மில்லிலிட்டர் உலர் வெர்மூத் இரண்டையும் பனிக்கட்டி நிறைந்த குவளையில் ஏறத்தாழ 30 விநாடி நீண்ட கரண்டியால் கலக்கி, குளிர்ந்த கோப்பையில் வடிகட்ட வேண்டும். எலுமிச்சைத் தோலோ ஆலிவோ சேர்க்கலாம். குலுக்கினால் காற்றுக் குமிழ்கள் புகுந்து தெளிவு கெடும். உருகும் பனிநீர் காரத்தைத் தணிக்கும். ஆல்கஹாலின் அளவைக் குறைக்காது.

பொருளியல் கற்பித்த எனக்கு, அலகு பிழைத்தால் கணக்கே பிழைக்கும் என்பது பழகிய பாடம். அமெரிக்க அளவீட்டில் ஒரு பானம் என்பது 14 கிராம் தூய ஆல்கஹால். 40 விழுக்காடு ஜின்னில் கலந்த இக்கோப்பையிலோ சுமார் 20 கிராம். விருந்தினர் இரண்டு என எண்ணுவது உண்மையில் ஏறத்தாழ மூன்று. இதை முன்னரே சொல்லி, காரோட்டி வந்தவருக்கு மாற்று வாகனம் ஏற்பாடு செய்வதும் விருந்தோம்பலே.