டாக்டர் பட்ட ஆராய்ச்சி: ஹைதராபாத்தில் வாய்ப்புகளும் காலக் கணக்கும்

விஞ்ஞானத்தில் முதுநிலைப் பட்டம் பெற்ற இளைஞர் ஒருவர் டாக்டர் பட்டத்துக்கு விண்ணப்பிக்கும்பொழுது, தம் வாழ்நாளில் ஐந்து அல்லது ஆறு ஆண்டுகளை ஒரே ஆராய்ச்சி வினாவுக்கு ஒப்படைக்க முன்வருகிறார். ஆயினும், எந்த நிலையத்தில் இடம் கிடைக்கும் என்று ஆவலுடன் விசாரிப்போரில் பலர், அந்த ஆண்டுகள் எவ்வாறு கழியும், அவற்றின் முடிவில் எவ்வழிகள் திறந்திருக்கும் என்று விசாரிப்பதில்லை. இவ்விரு விஷயங்களையும் விண்ணப்பத்துக்கு முன்னரே அறிந்து கொள்வது எவ்வளவு இன்றியமையாதது என்பதற்கு ஹைதராபாத் நகரம் நல்லதோர் எடுத்துக்காட்டாகும்.

ஆராய்ச்சி நகரம் உருவான வரலாறு

1918-ல் உஸ்மானியாப் பல்கலைக் கழகம் ஸ்தாபிக்கப்பட்டது. 1944-ல் ஹைதராபாத் சமஸ்தான அரசாங்கம் விஞ்ஞான, கைத்தொழில் ஆராய்ச்சிக்கென மத்திய ஆராய்ச்சிச் சாலைகளை நிறுவியது. இவை 1956-ல் விஞ்ஞான, கைத்தொழில் ஆராய்ச்சிக் கவுன்சிலின் பிராந்திய ஆராய்ச்சிச் சாலையாக மாறின. 1989 முதல் இந்நிலையம் இந்திய ரசாயனத் தொழில்நுட்ப நிலையம் என்று வழங்கி வருகிறது. நீலகிரி மாவட்டத்துக் குன்னூரில் 1918-ல் ராபர்ட் மக்காரிசன் சிறிய அளவில் தொடங்கிய போஷாக்கு ஆராய்ச்சி, 1958-ல் ஹைதராபாத்துக்கு மாற்றப்பட்டுப் பின்னர் தேசியப் போஷாக்கு நிலையம் ஆயிற்று. 1961-ல் தேசியப் புவிபௌதிக ஆராய்ச்சி நிலையமும், 1974-ல் பாராளுமன்றச் சட்டத்தின் மூலம் ஹைதராபாத் பல்கலைக் கழகமும் தோன்றின. பிராந்திய ஆராய்ச்சிச் சாலையின் உயிர்ரசாயனப் பிரிவைக் கருவாகக் கொண்டு, புஷ்ப மித்ர பார்கவாவின் தலைமையில், உயிரணு, மூலக்கூற்று உயிரியல் மையம் 1977-ல் தொடங்கப்பட்டது.

ரசாயனம், உயிரியல், பூமியின் அமைப்பு, உணவு ஆகிய பல துறைகளிலும் ஆராய்ச்சி செய்ய ஒரே நகரில் இடமுண்டு என்பது இதனால் விளங்கும்.

மூன்று பொறுப்புகள்

விண்ணப்பிப்போர் முதற்கண் உணர வேண்டியது ஒன்றுண்டு. ஆராய்ச்சிக்கு இடமளிப்பது, பட்டம் வழங்குவது, உபகாரச் சம்பளம் தருவது ஆகிய மூன்று பொறுப்புகளையும் எப்பொழுதும் ஒரே ஸ்தாபனம் ஏற்பதில்லை.

ஹைதராபாத் பல்கலைக் கழகத்தில் சேரும் மாணவர், தாம் ஆராய்ச்சி செய்யும் இடத்திலேயே பட்டமும் பெறுகிறார். உயிரணு மையத்திலோ ரசாயனத் தொழில்நுட்ப நிலையத்திலோ சேர்பவரின் நிலைமை வேறு. அவர் ஆராய்ச்சி செய்வது அந்நிலையத்தில். எனினும் பட்டம் வழங்குவதற்குரிய ஸ்தாபனம் தனியானது. கவுன்சிலின் ஆராய்ச்சிச் சாலைகளில் பயில்வோர்க்குப் பட்டம் வழங்குவதற்கென்றே 2011-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி விஞ்ஞான, புத்தாக்க ஆராய்ச்சிக் கழகம் அமைந்தது. உபகாரச் சம்பளமோ, மாணவர் தேறிய தேர்வைப் பொறுத்து, பல்கலைக் கழக மானியக் குழுவிடமிருந்தோ, கவுன்சிலிடமிருந்தோ, வேறோர் அரசாங்கத் துறையிடமிருந்தோ வரும். ஆகவே, இம்மூன்றையும் பற்றித் தனித்தனியே விசாரித்து எழுத்து மூலம் உறுதி செய்து கொள்வது நலம்.

நுழைவு முறை

பட்டம் தொடர்பான பொது விதிகளை மானியக் குழு 2022 நவம்பரில் புதிதாக வெளியிட்டது. அவற்றின்படி, முதுநிலைப் பட்டத்தில் 55 சதவிகித மதிப்பெண் பெற்றவரும், நான்காண்டு இளநிலைப் பட்டத்தில் 75 சதவிகிதம் பெற்றவரும் விண்ணப்பிக்கலாம். தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், பிற்பட்டோர், உடல் ஊனமுற்றோர், பொருளாதாரத்தில் நலிந்தோர் ஆகியோர்க்கு 5 சதவிகிதச் சலுகை உண்டு.

விஞ்ஞான மாணவர்க்குப் பிரதான வாயில் ‘நெட்’ எனப்படும் தேசியத் தகுதித் தேர்வாகும். கவுன்சிலும் மானியக் குழுவும் கூட்டாக ஏற்கும் இத்தேர்வு ரசாயனம், பௌதிகம், கணிதம், உயிரியல், புவியியல் ஆகிய ஐந்து துறைகளில் நடைபெறுகிறது. 2024 முதல் இதில் தேறுவோர் மூன்று வகையினராகப் பிரிக்கப்படுகின்றனர். முதல் வகையினர்க்கு உபகாரச் சம்பளத்துக்கும், உதவிப் பேராசிரியர் பதவிக்கும், டாக்டர் பட்டச் சேர்க்கைக்கும் தகுதி உண்டு. இரண்டாம் வகையினர்க்குப் பின்னிரண்டு தகுதிகளும், மூன்றாம் வகையினர்க்குச் சேர்க்கைத் தகுதி மட்டுமே உண்டு. முதல் வகையினர் நேர்முகத் தேர்வின் மூலம் சேர்க்கப்படுவர். மற்றவர்க்கு ‘நெட்’ மதிப்பெண்ணுக்கு 70 சதவிகிதமும், நேர்முகத் தேர்வுக்கு 30 சதவிகிதமும் கணக்கிடப்படும். இவர்களுடைய மதிப்பெண் ஓராண்டுக்கே செல்லும் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. தேறிய மகிழ்ச்சியில் காலம் தாழ்த்துவோர் மீண்டும் தேர்வெழுத நேரிடும்.

ஆண்டுக் கணக்கு

சேர்ந்த மாணவர் முதலில் குறைந்தது 12 மதிப்பலகுகள் கொண்ட பாடப் பயிற்சியை முடிக்க வேண்டும். பட்டத்துக்குரிய குறைந்தபட்சக் காலம் மூன்று ஆண்டுகள். உச்ச வரம்பு ஆறு ஆண்டுகள். மறுபதிவின் மூலம் மேலும் இரண்டு ஆண்டுகள் பெறலாம். பெண்களுக்கும், 40 சதவிகிதத்துக்கு மேற்பட்ட ஊனமுடையோர்க்கும் இன்னும் இரண்டு ஆண்டுகள் கூடுதலாக அனுமதிக்கப்படலாம். பெண்கள் மகப்பேறு, குழந்தைப் பராமரிப்பு ஆகியவற்றுக்காக 240 நாட்கள் வரை விடுப்பும் பெறலாம்.

உபகாரச் சம்பளத்தின் காலமோ வேறு. 2023 ஜனவரி 1 முதல் அமலான விகிதப்படி, முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாயும், முன்னேற்றம் திருப்திகரமெனக் குழு மதிப்பிட்ட பின் 42,000 ரூபாயும் வழங்கப்படும். இவ்வுதவி மொத்தம் ஐந்து ஆண்டுகளோடு முடிகிறது. ஆராய்ச்சி ஆறாம் ஆண்டுக்கு நீண்டால் பதிவு நிலைத்திருக்கும், பணம் நின்றுவிடும். பெற்றோரின் ஆதரவை எதிர்பார்க்க இயலாத மாணவர்க்கு இந்த ஓராண்டு இடைவெளி ஆராய்ச்சியையே கைவிடச் செய்யக் கூடும். எனவே, ஐந்தாம் ஆண்டின் இறுதியை முடிவெல்லையாகக் கொண்டு முதலாண்டிலேயே திட்டம் வகுப்பது அறிவுடைமை.

வயதுக் கணக்கும் உண்டு. 23-ஆம் வயதில் சேர்பவர் ஆறு ஆண்டுகளில் முடித்தால் வயது 29 ஆகும். அதன் பின் வேறோர் ஆராய்ச்சிச் சாலையில் மூன்று ஆண்டுகள் பயிற்சி பெற்றால் 32 நிரம்பும். கவுன்சிலின் நிலையங்களில் விஞ்ஞானி பதவிக்கான ஆரம்ப நிலை அறிவிப்புகளில் பொதுவாகக் காணப்படும் வயது வரம்பும் இதுவே. இரண்டாண்டுத் தாமதம் பட்டத்தைக் கெடுப்பதில்லையெனினும், ஒரு கதவை அடைத்துவிடக் கூடும்.

வழிகாட்டியைத் தேர்ந்தெடுத்தல்

காலம் வீணாகாமல் இருப்பது பெரும்பாலும் வழிகாட்டியைப் பொறுத்தது. விதிகளின்படி ஒரே சமயத்தில் பேராசிரியர் எட்டு மாணவர்க்கும், இணைப் பேராசிரியர் ஆறு மாணவர்க்கும், உதவிப் பேராசிரியர் நான்கு மாணவர்க்கும் மட்டுமே வழிகாட்டலாம். ஓய்வு பெற மூன்று ஆண்டுகளுக்குக் குறைவாகவே உள்ளவர் புதிய மாணவரை ஏற்கலாகாது. வழிகாட்டியின் முந்தைய மாணவர்கள் எத்தனை ஆண்டுகளில் பட்டம் பெற்றனர், அவர்கள் இப்பொழுது என்ன பணி செய்கின்றனர் என்ற இரு வினாக்களை நேர்முகத் தேர்வுக்கு முன்னரே அங்குள்ள மாணவரிடம் கேட்டறிவதில் தவறொன்றும் இல்லை. நிலையத்தின் பெரும் புகழைக் காட்டிலும் இவ்விரு விடைகளே மாணவரின் எதிர்காலத்தைத் தெளிவாகக் காட்டும்.

பட்டத்துக்குப் பின்

டாக்டர் பட்டம் பெற்றவர் கல்லூரி ஆசிரியராவதே இயல்பு என்னும் எண்ணம் பரவலாக உள்ளது. ஆனால் 2023 ஜூலை 1 முதல் அமலான திருத்தத்தின்படி, உதவிப் பேராசிரியர் நேரடி நியமனத்துக்கு ‘நெட்’, ‘செட்’, ‘ஸ்லெட்’ ஆகியவற்றுள் ஒன்றே குறைந்தபட்சத் தகுதியாக்கப்பட்டது. டாக்டர் பட்டம் கட்டாயமாகவில்லை. இணைப் பேராசிரியராக உயர்வதற்கே பட்டம் தேவை. ஆகவே, ஆசிரியப் பணியை மட்டுமே விரும்புவோர் முதலில் தகுதித் தேர்வில் கவனம் செலுத்துவது பொருந்தும்.

ஆராய்ச்சிப் பயிற்சி தொழிலுக்கும் வழி திறக்கும் என்பதை ஹைதராபாத்தின் வரலாறே காட்டுகிறது. புனே தேசிய ரசாயன ஆராய்ச்சிச் சாலையில் 1969-ல் டாக்டர் பட்ட ஆராய்ச்சியை முடித்த அஞ்சி ரெட்டி, ஹைதராபாத்தில் அரசாங்கத்தின் மருந்துத் தொழிற்சாலையில் பணி புரிந்தபின், 1984-ல் டாக்டர் ரெட்டீஸ் ஆராய்ச்சிச் சாலையை நிறுவினார். அதே புனே சாலையில், சென்னையைச் சேர்ந்த சாய ரசாயன மேதை கி. வெங்கடராமனிடம் பயின்ற ஏ. வி. ராமராவ், 1985 முதல் 1995 வரை ஹைதராபாத் ரசாயன நிலையத்தின் இயக்குநராக இருந்து, ஓய்வுக்குப் பின் ஆவ்ரா என்னும் ஆராய்ச்சிக் கம்பெனியைத் தொடங்கினார். அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக் கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றுத் தாயகம் திரும்பிய தமிழ்நாட்டவர் கிருஷ்ணா எல்லா, 1996-ல் பாரத் பயோடெக் நிறுவனத்தை உருவாக்கினார். 

மற்றோர் உதாரணமும் கவனிக்கத்தக்கது. பொறியாளரான வரபிரசாத ரெட்டி 1993-ல் தொடங்கிய சாந்தா பயோடெக்னிக்ஸ், உஸ்மானியாப் பல்கலைக் கழகத்திலும் உயிரணு மையத்திலும் இடம் பெற்று ஆராய்ச்சி நடத்தி, 1997-ல் ஹெபடைடிஸ்-பி நோய்க்கு இந்தியாவில் தயாரித்த மரபணுத் தடுப்பூசியை வெளியிட்டது. முதலீட்டைத் திரட்டியவர் பொறியாளர். தடுப்பூசியை உருவாக்கியது ஆராய்ச்சிப் பயிற்சி பெற்றோரின் உழைப்பு.

இவையன்றி, மருந்துகளின் தரக் கட்டுப்பாடு, காப்புரிமைப் பணி, விஞ்ஞானப் பத்திரிகைத் துறை ஆகியவற்றிலும் இடமுண்டு. இத்துறைகள் கேட்பது ஆய்வேட்டின் தலைப்பை அன்று. தரவை ஐயுறவும், சோதனையைத் திட்டமிடவும், முடிவைப் பிறர்க்கு விளங்க எழுதவும் பழகிய திறமையையே. இத்திறமைகளைப் பட்டம் கைக்கு வந்த பின்னர் தேடத் தொடங்கலாகாது. ஆராய்ச்சிக் காலத்திலேயே வளர்த்துக்கொள்ள வேண்டும்.

சுருங்கக் கூறின், விண்ணப்பிக்கும் மாணவர் நான்கு விவரங்களைத் தாளில் எழுதி வைத்துக் கொள்வது நன்று: பட்டம் வழங்குவது யார், உபகாரச் சம்பளம் எந்த மாதத்தில் முடியும், வழிகாட்டியின் முந்தைய மாணவர் எத்தனை ஆண்டுகளில் முடித்தனர், பட்டம் பெறும்பொழுது தமக்கு என்ன வயதாகும். நான்குக்கும் திருப்திகரமான விடை கிடைத்தபின் ஆராய்ச்சியில் இறங்குபவர், இடையே எழும் தோல்விகளையும் தாமதங்களையும் கலக்கமின்றி எதிர்கொள்வார்.