பச்சைக் கம்பளமா, அருகம்புல்லா?

போன கோடை விடுமுறையில் ஒருநாள் என் சின்னவள் பந்தாடிவிட்டு நொண்டிக்கொண்டே வந்தாள். முழங்காலில் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் வழன்றிருந்தது.

"எங்கேடி விழுந்தே, தார் ரோட்டிலா?" என்று பதறினேன்.

"இல்லேம்மா, டர்ஃப்ல. புல்லுதான்" என்றாள்.

புல்லில் விழுந்தால் இப்படியா ஆகும்? மறுநாள் நானும் கூடப் போனேன். பார்வைக்குப் பச்சைப்பசேல்! குனிந்து தொட்டால் அத்தனையும் பிளாஸ்டிக் இழை. நடுவில் கறுப்பாக ரப்பர்க் குருணை. பழைய டயரை அரைத்துப் போடுகிறார்களாம். மாலை நாலு மணிக்கும் கையை வைக்க முடியவில்லை, தோசைக்கல்தான்!

உயிருள்ள புல் வேரில் உறிஞ்சிய நீரை ஆவியாக விட்டுத் தன்னைக் குளிர்வித்துக் கொள்ளும். பிளாஸ்டிக்குக்கு அது ஏது? நல்ல வெயிலில் அதன் சூடு 60 டிகிரி செல்சியஸையும் தாண்டும். சறுக்கி விழுந்தால் சூடும் உராய்வும் சேர்ந்து தோலை உரித்துவிடுகின்றன.

இந்த வேதனை பெரிய வீராங்கனைகளுக்கும் உண்டு. 2015-ல் கனடாவில் நடந்த மகளிர் உலகக் கோப்பைக் கால்பந்து முழுவதும் செயற்கைப் புல்லில்தான். ஆண்களுக்கு ஒருமுறைகூட அப்படி நடத்தியதில்லை. அமெரிக்காவின் அப்பி வாம்பக் முதலானோர் இது பாரபட்சம் என்று 2014-லேயே மனித உரிமைத் தீர்ப்பாயத்தில் முறையிட்டார்கள். பிறகு அதைத் திரும்பப் பெற்று, அந்தத் தரையிலேயே ஆடினார்கள். ஆனாலும் குரல் வீண்போகவில்லை. 2023 மகளிர் உலகக் கோப்பை புல் வளர்ந்த திடல்களில் நடந்தது.

ரப்பர்க் குருணை மண்ணிலும் நீரிலும் கலப்பதால், 2031-லிருந்து அதன் விற்பனையை நிறுத்த ஐரோப்பிய ஒன்றியம் 2023-ல் சட்டம் செய்தது. 2026 ஆண்கள் உலகக் கோப்பைக்காக டென்னசி, மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகங்களின் புல் விஞ்ஞானிகள், செயற்கைத் தரை போட்ட அரங்குகளிலும் உயிர்ப்புல் விரிக்கும் வழிகளை ஆராய்ந்தார்கள். வயலில் பிளாஸ்டிக் தாள் மேல் புல்லை வளர்த்தால், வேர் அறுபடாமல் பாய்போலச் சுருட்டிக் கொண்டுவரலாமாம்.

வெயில் நாட்டுத் திடல்களில் வளர்ப்பது பெர்முடா புல். அது என்ன தெரியுமா? பிள்ளையாருக்கு நாம் சாத்தும் அருகம்புல்லேதான்! இதுவும் ஆப்பிரிக்கப் புல் ஒன்றும் கலந்த 'டிஃப்வே' என்ற ரகத்தை அமெரிக்காவில் கிளென் பர்ட்டன் என்பவர் 1960-ல் வெளியிட்டார். மண்ணுக்கு மேலும் கீழும் கொடியோடுவதால், மிதிபட்ட இடத்தைத் தானே மூடிக்கொள்ளும். நிழல் மட்டும் ஆகாது.

தாய்மார்கள் கவனிக்க வேண்டியவை:

* செயற்கைத் தரையில் அதிகாலையிலோ வெயில் தாழ்ந்த பிறகோ ஆடவிடுங்கள். முதலில் உங்கள் கையை வைத்துப் பாருங்கள். உங்களால் பொறுக்க முடியாவிட்டால் குழந்தைக்கும் வேண்டாம்.

* வெறுங்காலோடு விடாதீர்கள். முழங்கால்வரை காலுறை நல்லது.

* தோல் வழன்றால் ஓடும் நீரில் கழுவி, குருணையை நீக்கி, சுத்தமான துணியால் மூடுங்கள். காப்பித்தூள், மஞ்சள்தூள் வைக்காதீர்கள். சிவந்து வீங்கினால் டாக்டரிடம் காட்டுங்கள்.

* ஆடி வந்ததும் கை கழுவாமல் எதையும் தின்னக் கொடுக்காதீர்கள்.

எங்கள் குடியிருப்புப் பூங்காவிலும் பச்சைக் கம்பளம் விரிக்கப் பேச்சு நடக்கிறது. நாலைந்து பெண்கள் சேர்ந்து, அருகம்புல்லே போதும் என்று சொல்லியிருக்கிறோம். "தண்ணி ஊத்தணும், வெட்டணும், யார் பார்க்கிறது?" என்கிறார்கள். பார்க்கத்தான் வேண்டும். பிள்ளை வளர்ப்பதும் அப்படித்தானே!