கோகோ பானமும் மருத்துவக் காளான் பானமும்: எவ்வளவு நன்மை, எவருக்குத் தீங்கு?

பொள்ளாச்சி, ஆனைமலை, உடுமலைப்பேட்டை வட்டாரங்களின் தென்னந்தோப்புகளில் நிழலை விரும்பி வளரும் ஊடுபயிர் கோகோ. அதே தோப்புகளில், மழைக்குப் பிறகு சில தென்னைகளின் அடிப்பகுதியில் தட்டுத் தட்டாக முளைத்து நிற்பது கனோடெர்மா என்னும் காளான். இவ்விரண்டின் பெயரையும் தாங்கிய பொடிகள் இன்று கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் கடைகளிலும் இணையத்திலும், தெரிந்தவர் மூலமாக வீட்டுக்கே வரும் நேரடி விற்பனையிலும் கிடைக்கின்றன. கோகோவுடன் ரீஷி, லயன்ஸ் மேன், கார்டிசெப்ஸ், சாகா போன்ற காளான்களின் பொடியைக் கலந்து, காலைக் காபிக்கு மாற்றாக அருந்தும்படி பரிந்துரைக்கின்றனர்.

சுவைக்காக ஒரு கோப்பை அருந்துவதில் பெரும்பாலானோருக்குத் தீங்கில்லை. ஆனால் விற்பனையின்போது சொல்லப்படுபவை சுவையோடு நிற்பதில்லை. சர்க்கரை குறையும், இரத்தக் குழாய் அடைப்பு நீங்கும், நாளடைவில் மாத்திரையே தேவைப்படாது என்கின்றனர். அதை நம்பி மாத்திரையை நிறுத்திவிட்டுப் பொடியை மட்டும் அருந்துவோர் எங்கள் புறநோயாளிகள் பிரிவுக்கு வருவதுண்டு. அவர்களுள் பலர் தாமாக வருவதில்லை. தலைசுற்றலோ, ஆறாத கால் புண்ணோ அழைத்து வருகிறது. ஆகவே, இப்பானங்களைப் பற்றி அறிவியல் இதுவரை உறுதியாகக் கண்டது என்ன என்பதைப் பொதுமக்கள் தெரிந்துகொள்வது அவசியம்.

கோகோவில் உள்ளது என்ன?

கோகோ விதையின் மருத்துவச் சிறப்புக்குக் காரணமாகச் சொல்லப்படுபவை பிளவனால்கள் எனப்படும் தாவரச் சேர்மங்கள். இரத்தக் குழாயின் உட்சுவரில் நைட்ரிக் ஆக்சைடு என்னும் பொருள் உருவாவதற்கு இவை துணை புரிகின்றன. அதனால் குழாய் சற்றே தளர்ந்து விரிகிறது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2012-ஆம் ஆண்டு இதனை ஏற்று, நாளொன்றுக்கு 200 மில்லிகிராம் கோகோ பிளவனால்கள் இரத்தக் குழாயின் நெகிழ்வுத் தன்மையைப் பேண உதவும் என்று கருத்துரைத்தது. ஆனால் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2023-இல், பிளவனால் மிகுந்த கோகோ பொடிக்கும் இதய நோய்க்குமான தொடர்புக்குக் கிடைத்துள்ள சான்று மிகவும் குறைவானது என்ற குறிப்போடுதான் அத்தகைய வாசகத்தை அனுமதித்தது.

இரத்த அழுத்தத்தைப் பொறுத்தவரை, 1,804 பேர் பங்கேற்ற 35 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து ஆராய்ந்த காக்ரேன் தொகுப்பாய்வு 2017-இல் வெளிவந்தது. நாள்தோறும் சராசரியாக 670 மில்லிகிராம் பிளவனால் உட்கொண்டவர்களுக்கு இரத்த அழுத்தம் 1.8 மில்லிமீட்டர் அளவுக்கே குறைந்தது. வழக்கமாக நாம் தரும் ஒரு மாத்திரை மேல் அழுத்தத்தை ஏறத்தாழ 9 மில்லிமீட்டர் குறைக்கும். 170 அளவில் அழுத்தம் உள்ள ஒருவர் மாத்திரைக்குப் பதிலாகக் கோகோவை நம்பினால், அவரது அழுத்தம் 168 அளவிலேயே நிற்கும் என்று இக்கணக்கிலிருந்து புரிந்துகொள்ளலாம்.

இதுவரை நடந்தவற்றுள் மிகப் பெரிய ஆய்வு அமெரிக்காவில் 21,442 முதியோரிடம் நடத்தப்பட்ட காஸ்மாஸ் ஆய்வாகும். நாளொன்றுக்கு 500 மில்லிகிராம் பிளவனால் அடங்கிய மாத்திரை, இடைநிலையாக 3.6 ஆண்டுகள் தரப்பட்டது. 2022-இல் வெளியான முடிவின்படி, மாரடைப்பு, பக்கவாதம் உள்ளிட்ட மொத்த இதய, இரத்தக் குழாய் நிகழ்வுகள் குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை. இதய நோயால் ஏற்பட்ட இறப்புகள் மட்டும் குறைவாக இருந்தன. நம்பிக்கை தரும் செய்திதான். எனினும் தனித்து நிற்கும் அளவுக்கு உறுதியானதன்று. அதே ஆய்வின் ஒரு பகுதியாக நினைவாற்றல் அளவிடப்பட்டபோது கோகோவால் பயன் காணப்படவில்லை.

கோப்பைக்குள் வந்து சேர்வது எவ்வளவு?

ஆய்வில் தரப்பட்ட கோகோவும் நம் அடுக்களையில் உள்ள கோகோவும் ஒன்றல்ல என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பழத்திலிருந்து எடுத்த விதைகளைச் சதைப்பற்றோடு பெட்டியிலிட்டு ஐந்தாறு நாள் புளிக்க வைத்து, வெயிலில் உலர்த்தி, பின்பு வறுக்கின்றனர். சாக்லேட்டின் மணமும் சுவையும் இப்படித்தான் பிறக்கின்றன. ஆனால் ஒவ்வொரு படியிலும் பிளவனாலில் ஒரு பங்கு அழிகிறது. அதன்பின் கசப்பை நீக்கி நிறத்தைக் கருமையாக்குவதற்காகக் காரப் பொருள் சேர்த்துப் பதப்படுத்தும் முறையும் உண்டு. அவ்வாறு பதப்படுத்தாத பொடியில் ஒரு கிராமுக்குச் சுமார் 35 மில்லிகிராம் இருந்த பிளவனால், கடுமையாகப் பதப்படுத்திய பொடியில் 4 மில்லிகிராமாகக் குறைந்திருந்தது ஓர் ஆய்வில் தெரியவந்தது. கரிய நிறம் சத்துக்கு அடையாளமன்று. பெரும்பாலும் அதற்கு நேர்மாறானது.

ஆகையால் வாங்கும்போது உறையின் பின்புறத்தைப் பாருங்கள். சேர்மானப் பட்டியலில் முதலில் இருப்பதே அளவில் மிகுதியானது. பல சாக்லேட் பானப் பொடிகளில் முதலிடம் சர்க்கரைக்கோ மால்ட்டுக்கோதான். ஒரு சிறு கரண்டி, அதாவது ஐந்து கிராம் தூய கோகோ பொடியில் ஏறக்குறைய 11 மில்லிகிராம் காபீனும் 100 மில்லிகிராம் தியோபுரோமினும் உள்ளன. காபியைவிட இது மென்மையானது. இனிப்பில்லாமல் பாலில் கலந்து நாளுக்கு ஒரு கோப்பை அருந்துவதைப் பெரும்பாலானோருக்கு நான் தடுப்பதில்லை. (தியோபுரோமின் நாய்களுக்கு நஞ்சு, தோட்டத்தில் நாய் வளர்ப்போர் விதைகளை எட்டாத இடத்தில் உலர்த்துவது நல்லது.)

இரத்தசோகை உள்ளவர்கள் கவனிக்க வேண்டியது

நம் மாநிலத்தில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இரத்தசோகை இருப்பதை ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு காட்டியது. கோகோவில் உள்ள பாலிபினால்கள் உணவிலுள்ள இரும்புச்சத்தோடு பிணைந்துகொள்வதால், குடல் அதனை உறிஞ்சுவது தடைபடுகிறது. 1999-இல் வெளியான ஓர் ஆய்வில், ரொட்டி உணவுடன் அருந்திய கோகோ அத்தகைய உறிஞ்சலை ஏறத்தாழ 70 சதவீதம் குறைத்தது. தேநீர் இதைவிடவும் மிகுதியாகக் குறைத்தது. எனவே ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெறும் இரும்புச்சத்து மாத்திரையைக் கோகோ, தேநீர், காபி ஆகியவற்றோடு விழுங்கக் கூடாது. இடையில் குறைந்தது இரண்டு மணி நேரம் விட வேண்டும். கர்ப்பிணிகளிடமும் வளரிளம் பெண்களிடமும் வீட்டார் இதை எடுத்துச் சொல்ல வேண்டும். எலுமிச்சைச் சாறு அல்லது நெல்லிக்காயுடன் மாத்திரையை எடுத்துக்கொள்வது உறிஞ்சலைக் கூட்டும்.

மருத்துவக் காளான்கள்

காளான்களிலிருந்து மருந்து பிறந்திருப்பது உண்மை. ஜப்பானில் டர்கி டெயில் என்னும் காளானிலிருந்து பிரித்த பொருள் 1977-இல், புற்றுநோய்ச் சிகிச்சைக்குத் துணை மருந்தாக அங்கீகரிக்கப்பட்டது. ஆனால் அது தூய்மைப்படுத்தி, அளவு நிர்ணயித்து, பிற மருந்துகளுடன் சேர்த்துத் தரப்பட்டது. அந்த வரலாற்றை முன்னிறுத்தி, அரைத்த பொடிக்கும் அதே ஆற்றல் உண்டு என்று சொல்வது பொருந்தாது.

ரீஷி எனப்படும் கனோடெர்மாவைப் பற்றிய வாக்குறுதிகளே நம் பகுதியில் அதிகம். சர்க்கரை, இரத்த அழுத்தம், கொழுப்பு ஆகியவற்றின் மீது அதன் விளைவை அறிய ஐந்து ஆய்வுகளை ஆராய்ந்த 2015-ஆம் ஆண்டின் காக்ரேன் தொகுப்பாய்வு, இதய நோய்க்கான காரணிகளைக் கட்டுப்படுத்த அதனைப் பயன்படுத்துவதற்குச் சான்று இல்லை என்று முடித்தது. புற்றுநோய்க்கான தொகுப்பாய்வும் அதை முதன்மைச் சிகிச்சையாகக் கொள்ளச் சான்றில்லை என்றே கூறியது.

லயன்ஸ் மேன் காளானின் நிலை சற்று வேறு. 2009-இல் ஜப்பானில், லேசான நினைவுத் தடுமாற்றம் உடைய 50 முதல் 80 வயதினர் முப்பது பேரிடம் நடந்த ஆய்வில், நாள்தோறும் சுமார் மூன்று கிராம் பொடியை 16 வாரம் உட்கொண்டோர் மதிப்பெண்ணில் முன்னேறினர். நிறுத்திய நான்கு வாரங்களில் அம்முன்னேற்றம் சரிந்தது. முப்பது பேர் என்பது மிகச் சிறிய எண்ணிக்கை. கலவைப் பொடிகள் பலவற்றில் எந்தக் காளான் எவ்வளவு என்ற விவரமே இருப்பதில்லை. மேலும் சில தயாரிப்புகளில் முழுக் காளானுக்குப் பதிலாகத் தானியத்தின் மீது வளர்த்த பூஞ்சை இழையைத் தானியத்தோடு சேர்த்தே அரைத்து விடுகின்றனர். நாம் காளான் விலை கொடுத்து வாங்குவதில் பெரும்பங்கு மாவாக இருக்கக்கூடும்.

எவர் தவிர்க்க வேண்டும்?

சிறுநீரக நோயாளிகள் முதலிடத்தில் வருகின்றனர். சாகா காளானில் ஆக்சலேட் மிக அதிகம். ஜப்பானில் கல்லீரல் புற்றுநோய் கண்ட 72 வயதுப் பெண் ஒருவர், நாளுக்கு நான்கைந்து சிறு கரண்டி சாகா பொடியை ஆறு மாதம் உட்கொண்டு, ஆக்சலேட் படிந்து சிறுநீரகம் செயலிழந்ததாக 2014-இல் மருத்துவ இதழில் பதிவாகியுள்ளது. கோகோவிலும் ஆக்சலேட்டும் பொட்டாசியமும் மிகுதி. ஏற்கெனவே சிறுநீரகக் கல் வந்தவர்களும், சிறுநீரகச் செயல்பாடு குறைந்து பொட்டாசியம் கட்டுப்பாட்டில் உள்ளவர்களும் கலவைப் பானங்களை அறவே விலக்க வேண்டும்.

ரீஷி இரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தக்கூடியது. ஆகவே வார்பரின், குளோபிடோக்ரெல், ஆஸ்பிரின் உட்கொள்வோரும், அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறிக்கப்பட்டவர்களும் அதனைத் தவிர்க்க வேண்டும். சிறுநீரக மாற்று அறுவை செய்துகொண்டு எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து எடுப்போருக்கு, எதிர்ப்பாற்றலைக் கூட்டும் என்று விற்கப்படும் எதுவும் ஏற்றதன்று. ரீஷி பொடி உட்கொண்டவர்களுக்குக் கல்லீரல் அழற்சி ஏற்பட்ட நிகழ்வுகள் ஹாங்காங்கிலும் தாய்லாந்திலும் பதிவாகியுள்ளன. அவற்றுள் உயிரிழப்பும் உண்டு. அரிதானவைதாம். ஆயினும் மஞ்சள் காமாலை, கருமையான சிறுநீர், தொடர் குமட்டல் தோன்றினால் பொடியை உடனே நிறுத்தி மருத்துவரை அணுக வேண்டும். கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், குழந்தைகள் ஆகியோருக்குக் காளான் பொடிகளின் பாதுகாப்பு நிறுவப்படவில்லை, கொடுக்க வேண்டாம்.

தோப்பில் முளைப்பதை எடுத்துக் காய்ச்சலாமா?

இக்கேள்வியை விவசாயிகள் கேட்பது இயல்பே. தென்னையின் அடிப்பகுதியில் செம்பழுப்பு நிறச் சாறு வடிந்து, மட்டைகள் தொங்கி, மரம் சிறுகச் சிறுகப் பட்டுப்போகும் அடித்தண்டழுகல் நோயைக் கொங்குப் பகுதித் தென்னை விவசாயிகள் அறிவர். 1952-இல் தஞ்சாவூர்ப் பகுதியில் கவனிக்கப்பட்டதால் தஞ்சாவூர் வாடல் நோய் என்ற பெயரும் அதற்கு உண்டு. அந்நோயை உண்டாக்குவது கனோடெர்மா இனப் பூஞ்சையே. கடையில் ரீஷி என விற்பதும் அதே பேரினத்தைச் சேர்ந்ததுதான் என்றாலும், பேரினம் ஒன்றாக இருப்பதால் இரண்டும் ஒன்றாகிவிடாது. வெறும் கண்ணால் வகை பிரிப்பது வல்லுநருக்கே கடினம். அதோடு, நோய் கண்ட மரத்துக்கு வேர் வழியாகவும் மண்ணிலும் பூஞ்சைக்கொல்லி செலுத்தப்பட்டிருக்கும். அந்த மரத்தடிக் காளானை எடுத்துக் காய்ச்சிக் குடிக்க வேண்டாம்.

காட்டுக் காளான்கள் பொதுவாகவே ஆபத்தானவை. சில நச்சுக் காளான்களின் நஞ்சு கொதிக்க வைத்தாலும் அழியாது. உண்ட ஆறு மணி நேரத்துக்குப் பின்னரே வாந்தியும் வயிற்றுப்போக்கும் தொடங்கி, ஒரு நாள் தணிந்ததுபோல் காட்டி, பிறகு கல்லீரலைத் தாக்கும். அந்த இடைவெளியில் குணமாகிவிட்டதாக எண்ணி வீட்டில் இருந்துவிடுவதே உயிருக்கு உலையாகிறது. 108 ஊர்தியை அழைத்து, மீதமுள்ள காளானையும் உடன் கொண்டு வாருங்கள்.

காளானின் சத்து வேண்டுமெனில் எளிய வழி உள்ளது. கோவையிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சிப்பிக் காளான், பால் காளான் வளர்ப்பில் நீண்ட காலமாகப் பயிற்சியளித்து வருகிறது. அதனால் இவை நம் சந்தைகளில் புதிதாகவே கிடைக்கின்றன. மிளகும் சீரகமும் இட்டுக் கொதிக்க வைத்த ஒரு கிண்ணம் காளான் சாற்றில் புரதமும் நார்ச்சத்தும் பி வகை வைட்டமின்களும் உள்ளன. சமைப்பதற்கு முன் நறுக்கிச் சிறிது நேரம் நேரடி வெயிலில் வைத்தால் வைட்டமின் டி-யும் உருவாகும்.

வாங்கும் முன்பும் அருந்தும்போதும்

உறையில் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 14 இலக்க உரிம எண் உள்ளதா எனப் பாருங்கள். அந்த எண் தயாரிப்பாளர் உரிமம் பெற்றவர் என்பதை மட்டுமே காட்டும். நோய் தீர்க்கும் என்பதற்குச் சான்றாகாது. "ஹெல்த் டிரிங்க்" என்ற சொல்லுக்கு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் வரையறையே இல்லை என்பதை அவ்வாணையம் 2024 ஏப்ரலில் இணைய வணிகர்களுக்குச் சுட்டிக்காட்டியது. நீரிழிவு, புற்றுநோய், இரத்த அழுத்தம் போன்றவற்றைத் தீர்க்கும் என மருந்துகளுக்கு விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. உணவுப் பொருளுக்குத் தவறான விளம்பரம் செய்தால் பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். அத்தகைய துண்டறிக்கை கிடைத்தால் மாவட்ட உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலரிடம் ஒப்படையுங்கள்.

நீங்கள் ஏற்கெனவே இப்பானத்தை அருந்தி வருபவராயின், அதை மறைக்க வேண்டாம்; கண்டிப்பார்களோ என்று தயங்கவும் வேண்டாம். அடுத்த முறை மருத்துவமனைக்கு வரும்போது மாத்திரை அட்டையோடு அந்தப் புட்டியையும் எடுத்து வாருங்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை தர வீட்டுக்கு வரும் பணியாளரிடமும் காட்டலாம். மாத்திரையை ஏற்கெனவே நிறுத்தியிருந்தால், எத்தனை நாளாயிற்று என்பதைச் சொல்லி, அன்றே இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துக்கொள்ளுங்கள். விட்ட நாளுக்கும் சேர்த்து இரு மடங்காக விழுங்கிவிடாதீர்கள். ஐயங்களுக்கு 104 என்ற எண்ணை அழைக்கலாம்.