நெட் வரலைன்னு புது கம்ப்யூட்டர் வாங்கப் போறீங்களா? அரை மணி நேரம் பொறுங்க

ஜூலை மாசம் பாதி தாண்டினா எங்க ஆபீஸுக்கு ஒரே மாதிரி போன் நிறைய வரும். "சார், வீட்டுல இருக்கிற பழைய கம்ப்யூட்டர்ல இன்கம் டாக்ஸ் சைட் திறக்கவே மாட்டேங்குது. நெட் போயிடுச்சு போல. 40,000 ரூபாய்க்குள்ள புதுசா எது வாங்கலாம்?" வரி விஷயமா கூப்பிட்டவர் கடைசியில லேப்டாப் சிபாரிசு கேட்டுட்டு நிற்பார்.

நான் ஆடிட்டர். கம்ப்யூட்டர் மெக்கானிக் இல்லை. ஆனா 40,000 ரூபாய் கையை விட்டுப் போகுதுன்னா அது என் சப்ஜெக்ட். எதுக்காகச் செலவு பண்றோம்னு தெரியாம பண்ற செலவு எனக்குப் பிடிக்காது. "நெட் வரலை" என்பது ஒரு பிரச்சினையே இல்லை. அதுக்குள்ள மூணு தனித்தனி பிரச்சினைகள் ஒளிஞ்சிருக்கு. வீட்டுக்கு வர்ற லைன்ல கோளாறா, ரவுட்டருக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவுல கோளாறா, இல்ல ரெண்டும் நல்லாதான் இருக்கு, கம்ப்யூட்டர்தான் எதிர்ல இருக்கிற வெப்சைட்டை நம்ப மறுக்குதா? இதுல எதுன்னு தெரியாம கடைக்குப் போனா, கடைக்காரர் சொல்றதுதான் பதில்.

முதல்ல லைன்

இது சுலபம். அதே வைஃபையில போனை இணைச்சு ஏதாவது ஒரு சைட்டைத் திறந்து பாருங்க. ஆனா அதுக்கு முன்னாடி போன்ல மொபைல் டேட்டாவை ஆஃப் பண்ணிடுங்க. இதை முக்கால்வாசிப் பேர் மறந்துடுறாங்க. வைஃபையில நெட் இல்லைன்னா போன் சத்தமே இல்லாம சிம் கார்டு டேட்டாவுக்கு மாறிக்கும். நாம "போன்ல வருதே"ன்னு கம்ப்யூட்டர் மேல பழி போட்டுடுவோம்.

போன்லயும் வரலைன்னா, ஃபைபர் பெட்டியைப் பாருங்க. எல்ஓஎஸ்னு எழுதியிருக்கிற லைட் சிவப்பா எரிஞ்சா, வீட்டுக்கு வர்ற ஃபைபர்ல வெளிச்சமே வரலைன்னு அர்த்தம். எங்கேயோ வெட்டுப்பட்டிருக்கும், இல்ல வயர் மடங்கியிருக்கும். கனெக்‌ஷன் கொடுத்தவருக்குப் போன் போடுங்க. உங்க கம்ப்யூட்டருக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை. சிவப்பு லைட் இல்லைன்னா பெட்டியையும் ரவுட்டரையும் ஆஃப் பண்ணி ஒரு நிமிஷம் விட்டு ஆன் பண்ணுங்க.

அடுத்து ரவுட்டரில் இருந்து கம்ப்யூட்டர் வரை

போன்ல வருது, கம்ப்யூட்டர்ல மட்டும் வரலையா? ஒரு லேன் கேபிள் எடுத்து ரவுட்டரையும் கம்ப்யூட்டரையும் நேரடியா இணைச்சுப் பாருங்க. கேபிள்ல வந்துட்டா, வைஃபை பாகம்தான் பிரச்சினை. பழைய வைஃபை கார்டு நிறையவற்றுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான் தெரியும். புது ரவுட்டர் 5 கிகாஹெர்ட்ஸ்ல ஒரு பேரை ஒளிபரப்பினா, அந்தப் பேர் பழைய மெஷின்ல லிஸ்ட்லயே வராது. ரவுட்டர்ல பாதுகாப்பு வகையை டபிள்யூபிஏ3 மட்டும்னு வெச்சிருந்தா, பேர் தெரியும், பாஸ்வேர்டும் சரியா இருக்கும், ஆனா உள்ள விடாது. ரவுட்டர் செட்டிங்ஸ்ல டபிள்யூபிஏ2-வும் சேர்ந்த மாதிரி மாத்தினா போதும். வைஃபை கார்டே செத்துப்போச்சுன்னா யூஎஸ்பி வைஃபை அடாப்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்குது. வாங்கும்போது உங்க விண்டோஸ் வெர்ஷனுக்கு டிரைவர் உண்டான்னு பெட்டியில படிச்சுட்டு வாங்குங்க.

கேபிள் போட்டும் வரலையா? விண்டோஸ்ல நெட்வொர்க் கனெக்‌ஷனோட டீடெய்ல்ஸைத் திறந்து ஐபி முகவரியைப் பாருங்க. அது 169.254னு ஆரம்பிச்சா, ரவுட்டர் இந்த மெஷினுக்கு முகவரியே கொடுக்கலைன்னு அர்த்தம். கம்ப்யூட்டர் தானா ஒரு நம்பர் வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கு. கேபிள், அந்த பிளாஸ்டிக் கிளிப், ரவுட்டரில் வேறொரு போர்ட், இந்த வரிசையில மாத்திப் பாருங்க. முகவரி ஒழுங்கா வந்திருந்தும் எந்த சைட்டும் திறக்கலைன்னா டிஎன்எஸ் பக்கம் பார்க்கணும். சைட் பேரை நம்பரா மாத்திக் கொடுக்கிற வேலை அதோடது. அதே இடத்துல டிஎன்எஸ் முகவரியை 8.8.8.8னு மாத்திப் பாருங்க, கூகுளோட இலவச சேவை அது.

மூணாவதுதான் ஆளை ஏமாத்தும்

என் கிளையன்ட் ஒருத்தர், ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர். 2012-ல வாங்கின டெஸ்க்டாப், விண்டோஸ் 7. போன வருஷம் கூப்பிட்டார். "தம்பி, நெட் சுத்தமா போச்சு. பக்கத்து சர்வீஸ் கடையில மதர்போர்டு போயிருக்கும், புதுசு வாங்கிடுங்கன்னு சொல்லிட்டாங்க."

"சார், ஸ்கிரீன்ல என்ன வருதுன்னு அப்படியே படிங்க."

"உங்க கனெக்‌ஷன் பிரைவேட் இல்லைன்னு இங்கிலீஷ்ல வருதுப்பா. எந்த சைட்டுக்குப் போனாலும் இதேதான்."

"வலது பக்கம் கீழ, கடிகாரம் என்ன தேதி காட்டுது?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "2010, ஜனவரி 1"ன்னார்.

அவ்வளவுதான் விஷயம். பேங்க், வருமான வரி போர்ட்டல், ஜிமெயில் எல்லாமே ஒரு டிஜிட்டல் சான்றிதழைக் காட்டித்தான் "நான்தான் அந்த சைட்"னு நிரூபிக்கும். அந்தச் சான்றிதழ்ல இன்னிக்கு முதல் இன்னிக்கு வரைன்னு ரெண்டு தேதி இருக்கும். கம்ப்யூட்டர் கடிகாரம் 2010-ல நின்னா, அது பார்க்கிற எல்லாச் சான்றிதழும் இன்னும் தொடங்காத சான்றிதழ். நாளைத் தேதி போட்ட செக்கை பேங்க்ல திருப்பி விடுற மாதிரி, பிரவுசரும் திருப்பி விடுது. லைன் நல்லா இருக்கு, மதர்போர்டு நல்லா இருக்கு.

கரண்ட் இல்லாத நேரத்துல கடிகாரத்தை ஓட்டுறது மதர்போர்டுல இருக்கிற ஒரு காயின் பேட்டரி. பெரும்பாலான டெஸ்க்டாப்ல சிஆர்2032னு பேர், 3 வோல்ட். வாட்ச் கடையிலயே கிடைக்கும், பொதுவா 50 ரூபாய்க்குள்ள முடிஞ்சிடும். பத்து வருஷ மெஷின்ல அது தீர்ந்துபோறது சகஜம். தேதியை மட்டும் கையால மாத்தினா அன்னிக்கு வேலை செய்யும்; ராத்திரி சுவிட்ச் போர்டுல ஆஃப் பண்ணிட்டுத் தூங்கினா காலையில திரும்ப 2010. பிளக்கைக் கழட்டிட்டு, பக்கவாட்டு மூடியைத் திறந்து, கிளிப்பை லேசா தள்ளினா பழையது வெளிய வரும். புதுசுல எழுத்து இருக்கிற பக்கம் மேல இருக்கணும். முதல் தடவை ஆன் பண்ணும்போது எஃப்1 அழுத்தச் சொல்லிக் கேட்கலாம், பயப்பட வேண்டாம். லேப்டாப்ல இதை நீங்களே பண்ண வேண்டாம், தெரிஞ்சவர்கிட்ட கொடுத்துடுங்க.

தேதி சரியா இருந்தும் சில சைட் திறக்குது, சில சைட் திறக்கலைன்னா? அதுவும் நம்பிக்கைப் பிரச்சினைதான், வேற ரூபத்துல. சான்றிதழ் கொடுக்கிற நிறுவனங்களுக்கே ஒரு மூலச் சான்றிதழ் உண்டு. அதோட பட்டியல் கம்ப்யூட்டருக்குள்ள இருக்கும். 2021 செப்டம்பர் 30 அன்னிக்கு அப்படிப் பரவலாப் பயன்பட்ட ஒரு மூலச் சான்றிதழ் காலாவதி ஆச்சு. அப்டேட் பண்ணாம வெச்சிருந்த பழைய மெஷின்கள், போன்கள் நிறையவற்றுல பல சைட்டுகள் திடீர்னு நின்னுபோச்சு. ஃபயர்ஃபாக்ஸ் தன்னோட பட்டியலைத் தானே வெச்சிருக்கும், அதனால பழைய மெஷின்ல குரோம் மறுக்கிற சைட் அதுல திறக்கிறதுண்டு. விண்டோஸ் 7-க்கு குரோமோட கடைசி வெர்ஷன் 109. 2023-ல அதோட நிறுத்திட்டாங்க. நெட் போகலை, பிரவுசருக்கு வயசாயிடுச்சு.

ஸ்பீடு வரலைன்னு பிளானை ஏத்தாதீங்க

இது கொஞ்சம் பக்கவாட்டு விஷயம், ஆனா மாசா மாசம் காசு போற இடம். பழைய கம்ப்யூட்டர்கள் பலவற்றுல லேன் போர்ட்டோட உச்ச வேகமே 100 எம்பிபிஎஸ்தான். பழைய ஜி வகை வைஃபைன்னா காகிதத்துலயே 54, கைக்கு வர்றது அதுல பாதி பக்கம். நீங்க 300 எம்பிபிஎஸ் பிளான் போட்டாலும் அந்த மெஷினுக்கு 100-ஐத் தாண்டி வராது. போர்ட் புதுசா இருந்தாலும் கேபிளுக்குள்ள எட்டு கம்பியில ஒண்ணு விட்டுப்போயிருந்தா அதே 100-ல நிக்கும். உதாரணத்துக்கு, மேல் பிளானுக்கு மாசம் 300 ரூபாய் கூடன்னு வைங்க. 18 சதவீதம் ஜிஎஸ்டி சேர்த்து 354. வருஷத்துக்கு 4,248 ரூபாய், எந்தப் பலனும் இல்லாம. வீட்டுல வேற புது போன், டிவி எல்லாம் அந்த வேகத்தைப் பயன்படுத்துதுன்னா சரி, அது வேற கணக்கு.

நெட் வந்தாச்சு. பேங்க் வேலை பண்ணலாமா?

தலைமை ஆசிரியர் பேட்டரி மாத்தினார், ஃபயர்ஃபாக்ஸ் போட்டார், எல்லா சைட்டும் திறந்துச்சு. உடனே போன். "தம்பி, ரிட்டர்ன் இதுலயே போட்டுடலாமா?"

வேண்டாம்னு சொன்னேன். அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான். விண்டோஸ் 7-க்கு மைக்ரோசாஃப்ட் பொதுவான பாதுகாப்பு அப்டேட்டை 2020 ஜனவரி 14 அன்னிக்கே நிறுத்திடுச்சு. அதுக்கப்புறம் கண்டுபிடிச்ச ஓட்டை ஒண்ணும் அந்த மெஷின்ல அடைபடலை. வரி போர்ட்டல்ல உங்க பான், ஆதார், பேங்க் கணக்கு, வருஷ வருமானம் எல்லாம் ஒரே இடத்துல இருக்கு. அதை ஓட்டை இருக்கிற வீட்டுல உட்கார்ந்து திறக்காதீங்க. அந்த வருஷ ரிட்டர்னை அவர் மகளோட லேப்டாப்ல போட்டோம்.

விண்டோஸ் 10 வெச்சிருக்கிறவங்களும் கவனிங்க. அதுக்கும் 2025 அக்டோபர் 14-ஓட இலவச அப்டேட் முடிஞ்சது. வீட்டு மெஷின்களுக்கு, தனியா பதிவு பண்ணினா, 2026 அக்டோபர் 13 வரைக்கும் பாதுகாப்பு அப்டேட் உண்டு. விண்டோஸ் 11-க்கு மாறணும்னா டிபிஎம் 2.0 வசதியும் ஓரளவு புது பிராசஸரும் வேணும். பத்து வருஷ மெஷின்ல பெரும்பாலும் நடக்காது.

இன்னொரு வழி, லினக்ஸ் மின்ட். இலவசம், அப்டேட் வரும், 4 ஜிபி ரேம் இருந்தா பழைய மெஷின்லயும் தாராளமா ஓடும். தலைமை ஆசிரியர் வீட்டுல பேரன் வந்து அதைத்தான் போட்டுக் கொடுத்தான். போட்டோ எல்லாத்தையும் முதல்ல பென் டிரைவ்ல எடுத்து வெச்சுட்டுப் பண்ணினதால பிரச்சினை இல்லை. பிரவுசர், மெயில், பேங்க் சைட்டுக்கு அது போதும். டேலியோ டிஜிட்டல் கையெழுத்து டோக்கனோ பயன்படுத்துறவங்களுக்கு நான் சிபாரிசு பண்ண மாட்டேன், அங்க தலைவலி அதிகம்.

கடைசி நாள் நெருங்கிட்டா

சம்பளம், பென்ஷன் வாங்குறவங்களுக்கு வழக்கமா ஜூலை 31 கடைசி நாள். மெஷினை நோண்டிக்கிட்டே அதைத் தவற விட்டா, 234எஃப் பிரிவுல தாமதக் கட்டணம் 5,000 ரூபாய். மொத்த வருமானம் 5 லட்சத்துக்குள்ளன்னா 1,000. வரி பாக்கி இருந்தா அதுக்கு மாசம் ஒரு சதவீதம் வட்டி தனி. ஷேர், மியூச்சுவல் ஃபண்டுல வந்த மூலதன நஷ்டத்தை அடுத்த வருஷத்துக்குக் கொண்டுபோக முடியாது. எச்ஆர்ஏ, வீட்டுக்கடன் வட்டி எல்லாம் கணக்குப் பண்ணி பழைய வரி முறைதான் லாபம்னு இருக்கிற சம்பளக்காரர், தாமதமா போட்டா அந்த முறையைத் தேர்ந்தெடுக்கவே முடியாது. சிலருக்கு அந்த ஒண்ணே புது லேப்டாப் விலைக்கு மேல ஆயிடும். அதனால ஜூலை 25-க்கு மேல ஆச்சுன்னா ரிப்பேரை ஓரமா வைங்க. நல்ல போன்ல இருக்கிற பிரவுசர்லயே போர்ட்டல் திறக்கும். பிரவுசிங் சென்டர் மட்டும் வேண்டாம்.

இதெல்லாம் பார்த்தும் புதுசுதான் வேணும்னு முடிவு பண்ணினா, தாராளமா வாங்குங்க. ஆனா "வாங்கினா வரியில கழிச்சுக்கலாம் சார்"னு யாராவது சொன்னா, யாருக்குன்னு கேளுங்க. சம்பளக்காரர், பென்ஷன்காரருக்குத் தேய்மானம் கிடையாது. 44ஏடி, 44ஏடிஏ முறையில கணக்குக் காட்டுறவங்களுக்கும் தனியா கிடையாது. புத்தகம் எழுதித் தொழில் பண்றவருக்கு கம்ப்யூட்டர் மேல 40 சதவீதம் உண்டு. 45,000 ரூபாய் மெஷினுக்கு 18,000 கழிவு. 30 சதவீத வரம்புல இருக்கிறவருக்கு முதல் வருஷம் மிச்சமாகிற வரி 5,400. அதுவும் அந்த நிதியாண்டுல 180 நாளுக்குக் குறைவா பயன்படுத்தினா பாதியா, 2,700 ஆயிடும். தீபாவளி ஆஃபருக்குக் காத்திருந்து அக்டோபர் கடைசியில வாங்குறவங்க இந்தப் பாதியில மாட்டுவாங்க.