சிறு வணிகமும் மாறும் சந்தையும்

தோட்டத்தில் உழைத்து 55 வயதை எட்டியவர்களுள் சிலர், சேமநிதிப் பணத்தைக் கொண்டு பட்டணத்தில் சிறு கடை வைக்க விரும்புகின்றனர். விருப்பம் நல்லதே. ஆனால் முழுப் பணத்தையும் முதல் மாதத்திலேயே அலமாரிக்கும் சரக்குக்கும் இட்டுவிடுவது பெருந்தவறாகும். பின்னர்ச் சந்தை மாறினால், அதற்கேற்ப மாறுவதற்குக் கையில் ஏதும் இராது.

சந்தை மாறும் என்பதற்குக் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரமே சான்று. 1881ஆம் ஆண்டின் தீயும் வெள்ளமும் நகரின் அத்தாப்பு வீடுகளை அழித்தன. அதன்பின் செங்கற் கட்டடங்கள் எழுப்ப இங்கே சூளைகள் தோன்றின. ஊர்ப் பெயரும் அதனால் வந்ததே. அடுத்து ரயில்வே பட்டறையும் ஊழியர் குடியிருப்பும் அமைந்தன. 2001இல் பழைய ரயில் நிலத்தில் கே.எல். சென்ட்ரல் நிலையம் திறக்கப்பட்டது. 2010 அக்டோபர் 27ஆம் நாள், அந்நாளைய இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங்கும் நம் நாட்டின் அந்நாளைய பிரதமர் நஜிப் துன் ரசாக்கும் இங்கு 'லிட்டில் இந்தியா'வைத் தொடக்கி வைத்தனர். ரயில்வே குடும்பங்கள் சாமான் வாங்கிய தெருவில் இன்று அலுவலக ஊழியரும் பயணிகளும் நடமாடுகின்றனர்.

இத்தெருவில் ஒரு பூக்கடை வைப்பதாகக் கொள்வோம். மல்லிகை தமிழகத்திலிருந்து விமானத்தில் வருகிறது; சாமந்தி கேமரன் மலையில் விளைகிறது. இரண்டும் விரைவில் வாடும் சரக்கு. ஆடியில் திருமணம் குறையும், அம்மன் கோயில்களில் மாலை விற்கும். தையில் திருமணங்கள் கூடும். இவை பஞ்சாங்கம் பார்த்து முன்கூட்டியே திட்டமிடக்கூடியவை. ஆனால் 2020 மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கிக் கோயில்கள் அடைபட்டதை எந்தப் பஞ்சாங்கம் சொல்லிற்று? அத்தகைய நாளில், மாலை கட்டும் கைத்தொழிலை விடாது, வீட்டுப் பூசைக்குச் சிறு பொட்டலமாகக் கட்டி, கேட்டவர் வீட்டுக்கே அனுப்பும் வழியைத் தேட வேண்டும். தொழில் அதுவே, விற்கும் முறைதான் வேறு.

ஆகவே ஆண்டுத் திட்டத்தை மும்மாதத்துக்கு ஒருமுறை திருத்துதல் நலம். அதற்கு அன்றாட விற்பனையை நோட்டுப் புத்தகத்தில் எழுதிவர வேண்டும். எஞ்சி வாடியதையும் மறவாமல் எழுதுக. புதிய சரக்கைச் சிறிதளவே வாங்கிச் சோதித்துப் பார்க்கலாம். முதலில் ஒரு பகுதியைத் தொடாமல் வைத்தல் வேண்டும். பால்மரம் வெட்டுவோர்க்கு இது புதிதன்று; மரப்பட்டை முழுவதையும் ஒரே ஆண்டில் வெட்டித் தீர்ப்பவர் உண்டோ?

முதல் போதாதவர்கள் 1998இல் அமைந்த தெக்குன் நேஷனல் நிறுவனத்தில் கடன் வசதி பற்றி விசாரிக்கலாம். கடைக்கு மாநகராட்சி மன்றத்தின் உரிமமும் தேவை. எல்லாவற்றுக்கும் மேலாக, வாடகை ஒப்பந்தத்தில் கையொப்பமிடுமுன், முன்னறிவிப்புக் கொடுத்து இடையில் விலக வழி உண்டா என்பதைப் படித்தறிந்து கொள்க. படிக்க இயலாதோர் படிப்பித்துக் கேட்டுக்கொள்க.