விபத்து வழக்குக்கு மருத்துவ ஆவணங்களை அனுப்பும் முன்

சாலை விபத்தில் காயமுற்றோர் இழப்பீடு கோரி மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தை நாடும்போது, தம்மிடமுள்ள ஆவணங்கள் அனைத்தையும் ஒரே உறையிலிட்டு வழக்குரைஞருக்குக் கூரியரில் அனுப்பிவிடுவதைக் காண்கிறோம். உறை தொலைந்தால் இழப்பீட்டுக்கான சான்றும் போய்விடும். மேற்சிகிச்சைக்கான குறிப்பும் போய்விடும். எனவே அனுப்பும் முன் பின்வருவனவற்றைச் செய்யுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

• டிஸ்சார்ஜ் சுருக்கம், காயச் சான்றிதழ், ரசீதுகள் ஆகியவற்றுக்கு இரண்டு நகல்கள் எடுங்கள். மருந்துக்கடை ரசீதுகள் பலவற்றில் எழுத்து விரைவில் மங்கிவிடும். அவற்றை உடனே நகலெடுங்கள்.

• ரசீதுகளைத் தேதி வரிசையில் அடுக்கி, பக்க எண் இடுங்கள். பட்டியல் ஒன்றை உறையினுள்ளும் மற்றொன்றை வீட்டிலும் வையுங்கள்.

• எக்ஸ்ரே படங்களை மடிக்காதீர்கள். இரு அட்டைகளுக்கு இடையே வைத்து அனுப்புங்கள்.

• உறையின் மேல் பெறுநர் முகவரியையும் கைப்பேசி எண்ணையும் தெளிவாக எழுதுங்கள். உறையை எடுத்துச்செல்ல வருபவரிடம் எண்ணிட்ட ரசீது பெறாமல் ஒப்படைக்காதீர்கள்.

• மூல ஆவணங்களை இயன்றவரை நேரில் கொடுத்து, ஒப்புகைக் கையெழுத்துப் பெறுங்கள்.

நோயாளி கோரினால் மருத்துவப் பதிவுகளை 72 மணி நேரத்துக்குள் வழங்க வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதி. ஆகவே கேட்கத் தயங்க வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019ஆம் ஆண்டுத் திருத்தம், மனு அளிக்க விபத்து நாளிலிருந்து 6 மாதக் கெடு விதிக்கிறது. சிகிச்சை முழுதும் முடியட்டும் என்று காத்திராமல், இப்போதே வழக்குரைஞரைக் கலந்தாலோசியுங்கள்.

மறுபரிசோதனைக்கு வருகையில் ஒரு நகலைத் தவறாமல் எடுத்து வாருங்கள்.