120 நாள் ஆயுள்

வளர்ந்த மனிதனின் சரீரத்தில் ஏறக்குறைய 5 லிட்டர் ரத்தம் ஓடுகிறது என்பதைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவார்கள். ஆனால், சிவந்த ஒரே திரவமாகக் கண்ணுக்குத் தோன்றும் அதனை, உறையாதபடி மருந்து சேர்த்துக் கண்ணாடிக் குழாயில் அசையாமல் நிறுத்திவைத்தால், மேலே வெளிறிய மஞ்சள் தெளிநீரும், அடியில் கருஞ்சிவப்பு வண்டலும், இரண்டுக்கும் இடையே மெல்லிய வெண்படலமுமாகத் தானே பிரிந்து நிற்கும் அதிசயத்தை நேரில் கண்டவர்கள் சிலரே.

மேலே நிற்பது பிளாஸ்மா. ரத்தத்தில் பாதிக்குச் சற்று மேற்பட்ட பங்கு வகிக்கும் அது பெரும்பாலும் தண்ணீரே எனினும், உண்ட அன்னத்தின் சாரமும், ஹார்மோன்களும், சிறுநீரகம் கழிக்கவேண்டிய யூரியாவும் அதில் கரைந்தே பிரயாணம் செய்கின்றன. நடுப் படலத்தில் இருப்பவை, நோய்க்கிருமிகளை எதிர்க்கும் வெள்ளணுக்களும், காயத்தின் வாயை அடைக்க விரையும் தட்டணுக்களும்.

வண்டலாகப் படிந்த செவ்வணுக்களின் சரித்திரமோ எத்தனை முறை படித்தாலும் என்னை நெகிழ வைப்பது. எலும்பு மஜ்ஜையில் உருவாகும் செவ்வணு, ரத்த ஓட்டத்தில் இறங்குமுன்பே, ஜீவ அணுவுக்கு ஆதாரமான தன் உட்கருவை வெளியே தள்ளிவிட்டு, அந்த இடத்தையும் இரும்புச்சத்து கொண்ட ஹீமோகுளோபினுக்கே அளித்துவிடுகிறது. உட்கரு போனபின் அது பிளந்து பெருகவும் முடியாது, தன் பழுதைத் தானே சீர்செய்துகொள்ளவும் முடியாது. இருபுறமும் குழிந்த வட்டத்தட்டாக, தன்னிலும் குறுகிய நுண்குழாய்களில் வளைந்து நுழைந்து, நுரையீரலில் பெற்ற பிராணவாயுவை அவயவங்களுக்கெல்லாம் வழங்கி, கரியமிலவாயுவை அகற்றவும் துணைநின்று, சுமார் 120 நாளில் தளர்ந்ததும், மண்ணீரலிலும் கல்லீரலிலும் அது சிதைக்கப்படுகிறது. அதன் இரும்பை மட்டும் உடல் வீணாக்காமல் மறுபடி மஜ்ஜைக்கு அனுப்புகிறது. அங்கே விநாடிக்குச் சுமார் 20 லட்சம் புதிய செவ்வணுக்கள் பிறந்துகொண்டிருக்கின்றன. மாதந்தோறும் இரும்பை இழக்கும் பெண்களுக்கு, வீட்டில் எல்லோரும் உண்டபின் மிஞ்சியதே உணவாகும் வழக்கம் ரத்தசோகையை வளர்ப்பது என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

ஒருவர் ரத்தத்தை மற்றொருவருக்கு ஏற்றும் முயற்சி, முற்காலத்தில் சிலரைப் பிழைக்கவைத்துச் சிலரைக் கொன்றதன் காரணம் விளங்காமலே இருந்தது. வியன்னா நகரில் கார்ல் லான்ட்ஸ்டைனர், ஒருவரது தெளிநீர் மற்றொருவரது செவ்வணுக்களைச் சில சமயம் திரண்டு ஒட்டச் செய்வதைக் கண்டு, 1901-இல் ரத்த வகைகளை வெளியிட்டார். 1930-இல் நோபல் பரிசு அவரை அடைந்தது. 1952-இல் டாக்டர் பெண்டேயும் அவருடைய சகாக்களும் பம்பாயில் கண்டறிந்த அபூர்வ வகையினருக்கோ, ஓ வகை ரத்தமும் ஒவ்வாது. தம் வகையினரின் ரத்தம் ஒன்றே அவர்களைக் காக்கும்.

விஞ்ஞானம் இவ்வளவு வளர்ந்தும், தேவைக்குப் போதுமான ரத்தத்தை மனிதனால் இன்னும் செய்துகொள்ள முடியவில்லை. குளிர்ப்பெட்டியில் வைத்தாலும் செவ்வணுக்கள் சுமார் 42 நாளுக்கு மேல் பயன்படா. தட்டணுக்களுக்குச் சில நாட்களே தவணை. தானம் கொடுப்பவர் இழப்பதோ, எப்படியும் நான்கு மாதத்துக்குள் அழியப்போகும் அணுக்கள். உடல் அவற்றைச் சில வாரங்களில் ஈடுசெய்துவிடும். ஆகவே, 18 வயது நிரம்பி, 45 கிலோவுக்குக் குறையாத எடையும் நல்ல தேகநிலையும் உள்ள அன்பர்கள், உறவினருக்கு ஆபத்து வரட்டுமென்று காத்திராமல், அருகிலுள்ள ரத்த வங்கிக்கு ஆண்டுக்கு ஒரு முறையேனும் சென்று வருமாறு வேண்டுகிறேன்.